ஓவர்குக்டு: வெங்காய சூப் வைக்கப் போய் எங்கள் வீட்டில் பற்றிய தீ

வீடியோ கேமுக்கு விமர்சனம் எழுதுகிற வயதும் இல்லை, தகுதியும் இல்லை. வயது 43. கடைசியாக நான் ஆடிய கேம் நோக்கியா போனில் வந்த பாம்புதான். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் கல்யாணம் ஆன இந்த 14 வருடத்தில் என் மனைவி எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தும் எனக்கு உறைக்காத ஒன்றை, தலையில் வெள்ளைத் தொப்பி போட்டு வெங்காயம் நறுக்குகிற ஒரு கார்ட்டூன் பொம்மை நாலே நிமிடத்தில் காட்டிக்கொடுத்துவிட்டது.

போன ஆயுத பூஜை விடுமுறைக்கு பெங்களூரிலிருந்து மச்சினன் பாளையங்கோட்டைக்கு வந்தபோது அவன் பையில் துணிமணியைவிட வயர்தான் அதிகம் இருந்தது. டிவிக்குப் பின்னால் எதையோ செருகிவிட்டு, "அத்தான், ஆபீஸ் கோபத்தையெல்லாம் இதுல கொட்டிருங்க, சும்மா ஜாலியா இருக்கும்" என்றான். அவன் போட்டது 'ஓவர்குக்டு! ஆல் யூ கேன் ஈட்'. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருக்கிற கோஸ்ட் டவுன் கேம்ஸ் செய்தது. வேறொரு கேம் கம்பெனியில் வேலை பார்த்த இரண்டு பேர் வெளியே வந்து ஆரம்பித்தது. முதல் பாகம் 2016-இல் வந்தது, இரண்டாம் பாகம் 2018-இல். இரண்டையும் அப்புறம் வந்த கூடுதல் லெவல்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி 2020 கடைசியில் டீம்17 என்ற வெளியீட்டு நிறுவனம் கொண்டுவந்ததுதான் மச்சினன் கொண்டுவந்தது. முதல் பாகத்துக்கு பிரிட்டனின் பாஃப்டா கேம் விருதுகளில் 2017-இல் சிறந்த பிரிட்டிஷ் விளையாட்டு, சிறந்த குடும்ப விளையாட்டு என்று இரண்டு விருது கொடுத்திருக்கிறார்கள். குடும்ப விளையாட்டு என்று கொடுத்தவர்கள் அன்று இரவு பத்து மணிக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து நின்று பார்த்திருக்க வேண்டும்.

அதற்கு முன்னால் என் கோபத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. நான் கெட்ட வார்த்தை பேசுகிறவன் இல்லை, சாமான் எறிகிறவனும் இல்லை. எனக்குக் கோபம் வந்தால் பிடுங்குவேன். அடுத்தவர் கையில் இருக்கிற வேலையை, "குடு, நீ விடு, நானே பாத்துக்குறேன்" என்று பிடுங்கிக்கொள்வேன். மனைவி தேங்காய் துருவினால் அது மெதுவாகத் தெரியும், மகள் ஷூ நாடா கட்டினால் அது மெதுவாகத் தெரியும், நான் கணக்கு பார்க்கிற ஜவுளிக்கடையில் பில் ஏற்றுகிற பையன் மவுஸை நகர்த்தினால் அதுவும் மெதுவாகத் தெரியும். இதை நான் பல வருடமாகச் சுறுசுறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் சிலர் அப்படிப் பாராட்டியும் இருக்கிறார்கள், அதுதான் வினை.

சரி, கேம். நாலு பேர் வரை ஆடலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு குட்டிச் சமையல்காரர். மேலே ஓரத்தில் ஆர்டர் சீட்டு வந்து விழும்: வெங்காய சூப், தக்காளி சூப், பர்கர். சூப் என்றால் மூன்று வெங்காயம் எடுத்து, பலகையில் வைத்து நறுக்கி, பானையில் போட்டு, வெந்ததும் தட்டில் ஊற்றி, பரிமாறுகிற ஜன்னலில் கொண்டுபோய் வைக்க வேண்டும். சாப்பிட்ட தட்டு அழுக்காகத் திரும்பி வரும், அதைச் சிங்கில் போட்டுக் கழுவ வேண்டும். அடுப்பை மறந்தால் முதலில் எச்சரிக்கைச் சத்தம், அப்புறம் கருகல், அப்புறம் தீ. தீ பக்கத்து மேடைக்கும் தாவும். ஒருவர் போய்த் தீயணைப்பானை எடுத்து அணைத்து, கருகியதைக் குப்பையில் கொட்டிவிட்டுத்தான் மறுபடி அந்தப் பானையைத் தொட முடியும். ஒரு லெவல் மூன்று நாலு நிமிடம் ஓடும், அதற்குள் எத்தனை ஆர்டர் போனதோ அதற்கு ஏற்ப நட்சத்திரம், மூன்று வரைக்கும். நேரம் கடந்து காலாவதியான ஆர்டருக்குக் காசு கழியும்.

ஒரு கதையும் இருக்கிறது. வெங்காய ராஜ்யத்து அரசர், அவரும் ஒரு வெங்காயம்தான், உலகத்தையே தின்ன வருகிற நூடுல்ஸ் பூதத்தைப் பசியாற்ற முடியாமல் சமையல்காரர்களைக் காலத்தில் பின்னோக்கி 1993-க்கு அனுப்பி, பழகிவிட்டு வாருங்கள் என்கிறார். மகளுக்கு இந்தக் கதை உயிர். அரசரின் நாய் பெயர் கெவின். என்னைப் பொறுத்தவரை கதை மோருக்குத் தாளித்த மாதிரி, இல்லாவிட்டாலும் குடிக்கலாம்.

பட்டன் மிகக் குறைவு: எடுப்பதும் வைப்பதும் ஒன்று, நறுக்குவதும் கழுவுவதும் ஒன்று, வேகமாகப் பாய ஒன்று. இரண்டாம் பாகத்தில் காயை அடுத்தவர் பக்கம் தூக்கி எறியலாம். ஐந்து நிமிடத்தில் கை பழகிவிட்டது. நால்வரும் உட்கார்ந்தோம், மனைவி, மகள், மச்சினன், நான். முதல் லெவல் மூன்று நட்சத்திரம். "இவ்வளவுதானா?" என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

மூன்றாவது நாலாவது லெவலிலேயே சமையலறை குளறுபடி ஆரம்பிக்கிறது. ஒன்றில் கப்பல் ஆடும்போது மேடைகள் வழுக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய், அடுப்பு ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். ஒன்றில் நடைபாதையில் போகிற ஜனம் சமையலறைக்கு நடுவே நடந்து உங்களை மறிக்கும். வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பொம்மைப் பாட்டி பின்னால் நான் நின்றேன், அடுப்பில் சத்தம் வந்தது, மனைவி தட்டுக்காக நின்றாள். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று மச்சினன் மறுநாள் ஒரு சீட்டில் எழுதிக் காட்டினான்: "சீக்கிரம்" ஒன்பது தடவை, "அங்க பாரு" ஆறு தடவை, "ஐயோ" கணக்கில்லை. இதில் ஒன்றிலாவது யார், எதை, எங்கே என்று இருக்கிறதா அத்தான் என்று கேட்டான். கணக்குப் பிள்ளையிடமே கணக்குக் காட்டினான்.

கத்தியதோடு நிற்கவில்லை. மகள் பலகையில் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள், அது மெதுவாகத் தெரிந்தது, நான் பாய்ந்து போய் அவளைத் தள்ளிவிட்டு நானே நறுக்கினேன். இந்தக் கேமில் அப்படிச் செய்ய முடியும், பாய்ந்தால் அடுத்தவர் நகர்ந்துவிடுவார். அவள் நறுக்கியிருந்தால் இரண்டு விநாடியில் முடிந்திருக்கும். நான் அங்கே போன நேரத்தில் என் பொறுப்பில் இருந்த இரண்டு பானையும் தீப்பிடித்தன. இதில்தான் எனக்கு முதல் அடி. வீட்டிலும் கடையிலும் நான் பிடுங்குகிற ஒவ்வொரு தடவையும் நான் விட்டுவிட்டு வந்த அடுப்பு ஒன்று எங்கோ கருகிக்கொண்டுதான் இருந்திருக்கும். அங்கே புகை உடனே தெரியாது, ஒரு மாதம் கழித்துத் தெரியும், அப்போது அதற்கும் நான் யார் மேலாவது பாய்வேன். இங்கே திரையில், நாலு பேர் பார்க்க, என் அடுப்பு என் கண் முன்னே எரிந்தது. மகள் ஒன்றும் சொல்லாமல் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு தூங்கப் போனாள். மனைவி, "விளையாட்டுலகூட இப்படித்தானா?" என்று மட்டும் கேட்டாள். அன்று இரவு மச்சினன் கூடத்தில் தனியாகப் படுத்துக்கொண்டு, "தீயணைப்பான் யார்ட்ட இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்தான்.

கோபத்தைக் கேமில் கொட்டலாம் என்று அவன் சொன்னானே, அது சுத்தப் பொய் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. கொட்டக் கொட்ட ஊறியது. அப்புறம் தேடிப் படித்ததில், இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. பிராட் புஷ்மன் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர் 2002-இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை இருக்கிறது. 600 கல்லூரி மாணவர்களை, அவர்கள் எழுதிய கட்டுரையை மட்டம் தட்டிக் கோபமூட்டிவிட்டு, ஒரு பிரிவை அந்த மட்டம் தட்டிய ஆளையே நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தச் சொன்னார், இன்னொரு பிரிவை உடற்பயிற்சி என்று நினைத்துக் குத்தச் சொன்னார், மூன்றாவது பிரிவை இரண்டு நிமிடம் சும்மா உட்கார வைத்தார். ஆளை நினைத்துக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது, சும்மா இருந்தவர்கள்தான் அடங்கியிருந்தார்கள். இரண்டு நிமிடம் சும்மா இருப்பது. இதைக் கேட்டதும் என் மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

இரண்டாம் நாள் மகளே ஒரு ஏற்பாடு செய்தாள். "அப்பா கூப்பிட்டாத்தான் நான் வருவேன், அதுவரைக்கும் என் பலகைக்கு யாரும் வரக்கூடாது." பத்து வயது. அவள் நறுக்குவாள், மச்சினன் அடுப்பு, மனைவி தட்டும் ஜன்னலும், நான் பொருள் எடுத்துக் கொடுக்கிற ஆள். கடைப் பையன் வேலை எனக்கு. வெங்காயம், தக்காளி, வெங்காயம். கொஞ்சம் ரோஷமாக இருந்தது. ஆனால் இரண்டு நட்சத்திரம் வந்தது. மூன்றாவது நட்சத்திரம் மட்டும் எட்டிப் பிடிக்க முடியவில்லை, எட்டுத் தடவை ஆடினோம், ஒவ்வொரு தடவையும் கடைசி ஒரு நிமிடத்தில் வெந்த சூப் பானையில் கொதிக்க, எல்லோரும் விழித்துக்கொண்டு நின்றோம், ஏன் என்று பிடிபடவில்லை.

அப்போதுதான் பெரியப்பா வந்தார். அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்த விமர்சனம் முடியாது. தவசுப்பிள்ளை. திருநெல்வேலிச் சுற்று வட்டாரத்தில் நாற்பது வருடம் கல்யாணச் சமையல். இப்போது முட்டி ஒத்துழைக்கவில்லை, வீட்டில் இருக்கிறார். சின்ன வயதில் அவருடைய ஆக்குப்புரையில் நான் தேங்காய் உடைத்திருக்கிறேன். மறுவீட்டுச் சாப்பாட்டுக்குச் சொதி வைப்பார்கள், தேங்காயில் முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாக எடுத்து, காய் மூன்றாம் பாலில் வேக, முதல் பால் கடைசியில் சேர்ந்து, கொதிக்க விடாமல் இறக்க வேண்டும். கூட இஞ்சிப் பச்சடி. எட்டுப் பத்து பேர் வேலை செய்வார்கள். புகை, வேர்வை, வெளியே பந்திக்கு ஆள் உட்கார்ந்துவிட்டார்கள் என்று மாப்பிள்ளை வீட்டுக்காரர் பதற்றம். அங்கே பெரியப்பா கத்தி நான் கேட்டதில்லை. இப்போது யோசித்தால், அவர் யாரையும் "செய்" என்று சொன்னதுகூட அபூர்வம். "ரெண்டாம் பால் ஊத்தியாச்சு." "பருப்பு இன்னும் பத்து நிமிசம்." "வாளி ரெண்டுதான் இருக்கு." இவ்வளவுதான். தன் கையில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்வார், மற்றவர்கள் அதைக் கேட்டு அவரவர் வேலையை முன்னே பின்னே நகர்த்திக்கொள்வார்கள். சிறுவனாக இருந்தபோது அவர் தனக்குத்தானே பேசுகிறார் என்று நினைத்திருந்தேன்.

பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ஆட்டம் முழுக்கப் பார்த்தார். முதலில், "இதுல யாரு சாப்பிடுதா?" என்று கேட்டார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறார்கள் என்று மகள் சொன்னாள். அவர் தலையாட்டினார். ஆட்டம் முடிந்தது, மறுபடி இரண்டு நட்சத்திரம். பெரியப்பா சொன்னார்:

"ஏலே, தட்டு கழுவ ஆளே போடலையே நீங்க."

உண்மை. நறுக்க ஆள், அடுப்புக்கு ஆள், பரிமாற ஆள், எடுத்துக் கொடுக்க ஆள். கழுவ யாரும் இல்லை, ஏனென்றால் கழுவுவது யாருக்கும் பிடிக்கவில்லை, யார் சும்மா இருக்கிறார்களோ அவர்கள் கழுவட்டும் என்று சொல்லாமலேயே விட்டிருந்தோம். தட்டு நாலோ என்னவோதான். கடைசி நிமிடத்தில் நாலும் அழுக்காகச் சிங்கில் கிடந்தன. சூப் தயார், ஊற்றத் தட்டு இல்லை. "வாழை எலைன்னா இந்த வம்பே இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் காபி கேட்டார். அடுத்த ஆட்டத்தில் நான் பொருள் எடுத்துக் கொடுத்த மிச்ச நேரம் முழுக்கச் சிங்கிலேயே நின்றேன். மூன்று நட்சத்திரம். ஒரு பாராட்டும் இல்லாத வேலை, ஆனால் அதுதான் ஆட்டத்தையே தூக்கியது. உண்மையான சமையலறையில் யார் சிங்கில் நிற்கிறார்கள் என்ற கேள்வியை மனைவி அன்று இரவே எழுப்பினாள், அதைப் பற்றி இங்கே விரிவாக எழுத விருப்பமில்லை.

அதற்குப் பிறகு எங்கள் ஆட்டமே மாறியது. பெரியப்பா பாணியில் பேச ஆரம்பித்தோம். "சீக்கிரம்" போய், "ரெண்டு வெங்காயம் நறுக்கி வச்சிருக்கேன்", "இடது அடுப்பு வெந்தாச்சு", "ஒரு தட்டுதான் சுத்தமா இருக்கு". சொல்லப்போனால் கேமிலேயே இதற்கு வழி வைத்திருக்கிறார்கள், இரண்டாம் பாகத்தில் பட்டனை அமுக்கினால் சமையல், பரிமாறல், கழுவுதல் என்று பொம்மையின் தலைக்கு மேலே குமிழி வரும், இணையத்தில் வேறு ஊர்க்காரர்களோடு ஆடுகிறவர்களுக்குப் பேச்சுக்குப் பதிலாக. ஆனால் ஒரே கூடத்தில் வாயால் சொல்வதுபோல் வராது. மேலை நாட்டு ஓட்டல்களில் எஸ்கோஃபியே என்ற பிரெஞ்சுச் சமையல்காரர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் குழம்புக்கு ஒரு ஆள், வறுவலுக்கு ஒரு ஆள், குளிர்ந்த பதார்த்தத்துக்கு ஒரு ஆள் என்று சமையலறையை ராணுவப் படைபோல் பிரித்ததைப் பெரிதாகச் சொல்வார்கள். ஆக்குப்புரையில் யாரும் பெயர் வைக்காமலே நடந்துகொண்டிருந்தது அது.

வேலையைப் பிரித்துக்கொண்டால் மட்டும் போதும் என்று நினைத்தால், இந்தக் கேமைச் செய்தவர்கள் அதையும் உடைக்கிறார்கள். எனக்கு இதில் பிடித்ததே அதுதான். மூன்று லாரிகள் ரோட்டில் பக்கத்தில் பக்கத்தில் ஓடும், சமையலறை அந்த லாரிகளின் மேலே. லாரி விலகினால் நறுக்குகிறவர் ஒரு வண்டியில், அடுப்பு இன்னொன்றில். நில நடுக்க லெவலில் பாதிச் சமையலறை மேலே எழும்பிவிடும். இரண்டாம் பாகத்தில் ஒரு பலூனில் சாலட் செய்துகொண்டிருப்பீர்கள், இடி மின்னல் வந்து பலூன் கீழே விழும், விழுந்த இடம் சுஷிக் கடை, அந்த விநாடியிலிருந்து ஆர்டர் சுஷி! முதல் தடவை இது நடந்தபோது நான் சாலட் தட்டை வைத்துக்கொண்டு சோறு எங்கே வேகிறது என்று தெரியாமல் நின்றேன். அப்போது நறுக்குகிற ஆள், கழுவுகிற ஆள் என்பதெல்லாம் செல்லாது, பக்கத்தில் இருக்கிறவர் பக்கத்தில் இருக்கிறதைச் செய்ய வேண்டும். முந்தாநாள்வரை "என் பலகைக்கு யாரும் வரக்கூடாது" என்று சொன்ன மகளே, "அப்பா, பலகை உங்க பக்கம் வந்துருச்சு, நீங்க நறுக்குங்க" என்றாள். பிடுங்குவதும் ஏற்றுக்கொள்வதும் வெளியே பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவள் சொன்ன பிறகு போனேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

பனிக்கட்டி லெவல் என்று ஒன்று உண்டு. தரை வழுக்கும், ஓரத்தில் தண்ணீர், விழுந்தால் சில விநாடி காத்திருந்து மறுபடி முளைக்க வேண்டும். அதில்தான் இன்னொன்று தெரிந்தது. கோபம் வருவதற்கு முன்னாலேயே என் கட்டைவிரல் பாய்கிற பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்க ஆரம்பித்துவிடும். எனக்குத் தெரியாது. மகளுக்குத் தெரிந்தது. "அப்பா, டக்கு டக்குன்னு அமுக்குறீங்க" என்றாள். பனியில் பாய்ந்தால் நேரே தண்ணீரில்தான் விழுவோம், மூன்று தடவை விழுந்தேன், அதில் ஒரு தடவை மனைவியையும் தள்ளிக்கொண்டு. முகம் சிவப்பது, குரல் ஏறுவது எல்லாம் அப்புறம்தான், முதலில் விரல். இப்போது வீட்டில் "டக்கு டக்கு" என்பது ஒரு சொல்லாகிவிட்டது. கடைக்குக் கிளம்பும்போது சாவி கிடைக்காமல் நான் இழுப்பறையைத் திறந்து திறந்து மூடினால், அடுப்படியிலிருந்து மனைவி, "டக்கு டக்கு" என்பாள். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் கை நின்றுவிடும்.

கடையில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒவ்வொரு மாதமும் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, அதாவது ஜிஎஸ்டிக்கான விற்பனைக் கணக்கு, போக வேண்டும், 8, 9 தேதிகளில் எனக்குப் பேய் பிடித்துவிடும். போன மாதம் பையன் பக்கத்தில் போய் நின்று, மவுஸைப் பிடுங்காமல், "எந்த பில் வரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்டேன். அவன் பயந்துபோய் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான், நான் உட்காரட்டும் என்று. பழக்கம். உட்காரு என்று சொல்லி மறுபடி கேட்டேன். ரிட்டர்ன் வந்த சரக்குக்குக் கிரெடிட் நோட்டு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இரண்டு நாளாக நின்றிருக்கிறான், என்னிடம் கேட்கப் பயம். நோட்டு என் மேசை டிராயரில் இருந்தது. இந்த மாதம் 9-ஆம் தேதி மவுஸைப் பிடுங்கிவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏதோ கேம் ஆடி ஞானம் வந்த கதையாகிவிடும்.

இனி வாங்க நினைக்கிறவர்களுக்கு. தனியாக ஆடுவதற்கு வாங்காதீர்கள். ஒரே ஆள் இரண்டு சமையல்காரர்களை மாற்றி மாற்றி நகர்த்துகிற வசதி இருக்கிறது, அது கேம் இல்லை, வேலை. இரண்டு பேருக்கு நன்றாக இருக்கும், மூன்று பேர் என்றால் கலகலப்பு, நாலு பேர் என்றால் போர்க்களம். ஆளுக்கு ஏற்ப நட்சத்திர இலக்கும் மாறும் என்பதால் ஆள் கூடினால் சுலபம் என்று நினைக்க வேண்டாம். கன்ட்ரோலர் கூடுதலாக வேண்டும், ஆனால் ஒரே கன்ட்ரோலரை இரண்டு பேர் ஆளுக்குப் பாதியாகப் பிடித்து ஆடுகிற வழியும் இருக்கிறது, அண்ணன் தங்கைக்குள் அடிதடி வேண்டும் என்றால் அதைப் பயன்படுத்தலாம். நான் மலிவாகக் கிடைத்தது என்று பெயர் தெரியாத ஒரு கன்ட்ரோலர் வாங்கி, பத்தே நாளில் அதன் குச்சி இடது பக்கமே இழுக்க, என் சமையல்காரர் தானாகக் கடலை நோக்கி நடந்தார். அதில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

சின்னக் குழந்தைகளோ வயதானவர்களோ இருந்தால், ஆல் யூ கேன் ஈட் பதிப்பில் உதவி முறை ஒன்று இருக்கிறது, நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம், ஆர்டர் காலாவதியாவதைத் தள்ளிப்போடலாம், முடியாத லெவலைத் தாண்டிப் போகலாம். அதைப் போட்டுக்கொள்வது அவமானம் இல்லை. நேர நெருக்கடி என்றாலே நெஞ்சு படபடக்கிறவர்கள் அதைப் போட்டே ஆரம்பியுங்கள், இல்லாவிட்டால் இந்த எச்சரிக்கைச் சத்தம் தூக்கத்திலும் கேட்கும். எனக்குக் கேட்டது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து போய் கேஸ் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன்.

குறைகள் என்று பார்த்தால், பல லெவல்கள் ஒரு நல்ல யோசனையை ஒரே தடவை காட்டிவிட்டு ஓடிவிடுகின்றன, எலி வந்து காயைத் திருடுகிறதுபோல இன்னும் நாலு இடத்தில் வைத்திருக்கலாம். கூடுதல் லெவல்கள் இவ்வளவு சேர்ந்த பிறகு எது முதல், எது அப்புறம் என்று பட்டியலில் தேடுவதே ஒரு வேலை. தமிழ் கிடையாது, ஆனால் படிக்க வேண்டியதும் குறைவு, படத்தைப் பார்த்தே பெரியப்பா புரிந்துகொண்டார். பர்கர், மீன், இறைச்சி எல்லாம் வரும், சைவ வீடுகளில் அதற்கும் ஒரு பஞ்சாயத்து நடக்கலாம். எங்கள் வீட்டில் மகள் அதை எல்லாம் "பன்னீர்" என்று சொல்லி முடித்துவிட்டாள். இணையத்தில் மச்சினனோடு ஆடிப் பார்த்தோம், எங்கள் தெரு இணைப்புக்கு அது ஒத்துவரவில்லை, அவன் சமையல்காரர் சுவருக்குள் ஓடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து ஆடுவதற்கென்றே செய்த விளையாட்டு இது, தோளில் தோள் இடிக்க வேண்டும்.

காசு விஷயத்தில், விழாக்காலத் தள்ளுபடிக்குக் காத்திருங்கள், இந்தக் கேமுக்கு அடிக்கடி வரும். இரண்டு பாகத்தையும் தனித்தனியாக வாங்குவதற்குப் பதிலாக இந்த மூட்டையையே வாங்குங்கள்.

புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்குப் பரிசாகக் கொடுக்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். கொடுக்கலாம், ஆனால் மறுவீடு முடியட்டும்.

எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால் ஐந்துக்கு நாலரை. அரை நட்சத்திரம் குறைத்தது லாரி லெவலுக்காக, அதில் விழுந்த கணக்கை நான் இன்னும் மறக்கவில்லை. இப்போது விண்வெளியில் நிற்கிறோம், ஒருவர் பட்டனை மிதித்தால்தான் இன்னொருவருக்குக் கதவு திறக்கும், இரண்டு நட்சத்திரத்திலேயே பத்து நாளாகத் தவிக்கிறோம், மகளுக்கு வேறு பரீட்சை. மச்சினன் பொங்கலுக்கு வருகிறான். பெரியப்பா நேற்றுப் போன் பண்ணினார், பேத்தியிடம்தான் பேச வேண்டும் என்றார். வாழை இலை போடுகிற லெவல் ஏதாவது வந்துவிட்டதா என்று விசாரித்தாராம்.